ஒலிப்பதிவும் அதன் நகல்களும்: சென்னை இசைக்கூடங்களில் காப்புக் கோப்புகளின் வரலாறு

கணினியில் உருவாகும் பாட்டு ஒரே கோப்பாக இருப்பதில்லை. எந்த இடத்தில் எந்த ஒலி வரவேண்டும், எவ்வளவு சத்தத்தில் வரவேண்டும், அதன் மேல் என்ன எஃபெக்ட் என்பதையெல்லாம் குறித்து வைக்கும் ப்ராஜெக்ட் கோப்பு ஒன்று. பாடகர் குரல், தபேலா, புல்லாங்குழல், கோரஸ் என்று மைக் வழியாகப் பதிந்த ஒலிக்கோப்புகள் நூற்றுக்கணக்கில். இவற்றோடு கீபோர்டில் வாசித்த சுரங்களின் குறிப்பும், சாம்பிள் நூலகங்களிலிருந்து எடுத்த துண்டுகளும், மென்பொருள் தானாகவே எழுதிவைக்கும் காப்பு நகல்களும் சேரும். ப்ராஜெக்ட் கோப்புக்குள் ஒலி கிடையாது. ஒலி எங்கே கிடக்கிறது என்ற முகவரி மட்டுமே அதில் இருக்கும். ஒலிக்கோப்பை வேறிடத்துக்கு நகர்த்தினாலோ பெயரை மாற்றினாலோ பாட்டு திறக்கும், ஆனால் ஊமையாகத் திறக்கும். கோடம்பாக்கத்தில் பெரிய படத்துக்குப் பின்னணி இசை சேர்ப்பவருக்கும், செங்குன்றம் தாண்டி சோழவரத்தில் வீட்டு அறையொன்றில் ஆடித் திருவிழாவுக்கு அம்மன் பாட்டு பதிபவருக்கும் இந்த விதி பொது. நகலெடுப்பதும் நகலுக்குப் பெயரிட்டு அடுக்குவதும் ஒலிப்பதிவுத் தொழிலோடு கூடவே பிறந்தவை. கணினி வந்த பிறகு முளைத்த பழக்கம் என்று அதை நினைப்பது தவறு.

இந்தியாவில் முதல் வணிக ஒலிப்பதிவுகள் 1902 நவம்பரில் கல்கத்தாவில் நடந்தன. கிராமபோன் கம்பெனிக்காக ஃப்ரெட் கெய்ஸ்பர்க் வந்து பதிந்தார். மெழுகில் பதிந்த அந்தத் தட்டுகள் கப்பலேறி ஜெர்மனியின் ஹானோவர் ஆலைக்குப் போய், அங்கே அச்சாகித் திரும்பி வந்தன. அங்கிருந்த தொழிலாளருக்கு இந்திய மொழி எதுவும் தெரியாது. யார் பாடியது, எந்தத் தட்டு யாருடையது என்று பிரித்தறிய வழியில்லை. அதனால் பாடி முடித்ததும் பாடகர் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லும் வழக்கம் வந்தது. பாடகி கௌஹர் ஜானின் தட்டுகளின் முடிவில் கேட்கும் அந்த அறிவிப்பைப் பலர் விளம்பரம் என்று எண்ணுகிறார்கள். அது ஆலைக்காரருக்காகச் சொன்ன அடையாளம். கோப்புக்குப் பெயர் வைக்கும் வேலையை இந்தியாவில் முதலில் செய்தது பாடகரின் வாய்.

மெழுகுத் தட்டு ஒருமுறைதான் உதவும். அதன் மேல் உலோகம் பூசி எடுத்த எதிர்ப்படிவம் மாஸ்டர். அதிலிருந்து எடுத்த நேர்ப்படிவம் மதர். மதரிலிருந்து எடுத்த எதிர்ப்படிவம் ஸ்டாம்பர். தட்டுகளை அழுத்தித் தேய்ந்துபோவது ஸ்டாம்பர் மட்டுமே. அது தேய்ந்தால் மதரிலிருந்து இன்னொன்று எடுக்கலாம், மதரும் பழுதானால் மாஸ்டரிடம் போகலாம். மாஸ்டரை யாரும் அன்றாட வேலைக்குத் தொடுவதில்லை. ஒவ்வொரு பதிவுக்கும் மேட்ரிக்ஸ் எண் ஒன்று உண்டு; மறுபடி பாடவைத்தால் எத்தனையாவது டேக் என்பதும் அதோடு சேரும். லேபிள் கிழிந்து போனாலும் தட்டின் நடுப்பகுதியில் பொறித்த அந்த எண் நிற்கும். மூலம் வேறு, வேலைப் பிரதி வேறு என்று பிரித்து வைத்ததிலும், ஒவ்வொரு பிரதிக்கும் அழியாத எண் கொடுத்ததிலும் அந்த ஏற்பாடு, பிற்காலத்தில் வந்த பலவற்றைவிடக் கச்சிதமானது.

ஆனால் அந்த ஏற்பாடு நிறுவனத்தின் கையில் இருந்தது. கிராமபோன் கம்பெனி 1908-ல் கல்கத்தாவின் சியால்தாவில் ஆலை தொடங்கியதும், பிறகு டம்டம்முக்குப் பெயர்ந்ததும் அதன் படிவங்கள் நாட்டுக்குள்ளேயே தங்கின. ஜெர்மனியின் ஓடியன் கம்பெனியின் கதை வேறு. ஏ.வி. மெய்யப்பன் பங்காளியாக இருந்த சென்னை சரஸ்வதி ஸ்டோர்ஸ் 1930-களில் ஓடியன் தட்டுகளை வெளியிட்டது. அவை இங்கே பதிவாகி பெர்லினில் அச்சாகின. போர் வந்தது, தொடர்பு அறுந்தது. ஓடியன் தட்டுகளை இன்று கேட்க முடிகிறது என்றால் சேகரிப்பாளர் வீடுகளில் தப்பிய தேய்ந்த தட்டுகளை வைத்துத்தான். அவற்றைத் தேடி டிஜிட்டலாக்கும் பணியை பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டம் மேற்கொண்டது. விற்பனைப் பிரதியே காப்பு நகலாக மாறிய நிலை அது.

பேசும்படம் வந்தபோது ஒலி பிலிமில் ஏறியது. ஒலியலை ஒளிக்கோடாக மாறி, படச்சுருளின் ஓரத்திலேயே பதிவானது. 1931 அக்டோபர் 31-ல் வெளியான ‘காளிதாஸ்’ தமிழின் முதல் பேசும்படம். அதன் பிரதி எங்கும் கிடைக்கவில்லை. அந்தக் காலப் பிலிம் நைட்ரேட்டால் ஆனது. எளிதில் தீப்பிடிக்கும், தீப்பிடிக்காவிட்டாலும் வெயிலிலும் ஈரத்திலும் உளுத்துப்போகும். ஓடி முடிந்த பிரதியிலிருந்து வெள்ளியைப் பிரித்து விற்பதும் வழக்கமாக இருந்தது. பெட்டியில் கிடக்கும் பழைய சுருள் இடத்தை அடைக்கும் சரக்காகவே தயாரிப்பாளருக்குத் தெரிந்தது. அது ஆவணம் என்ற எண்ணம் பல பத்தாண்டுகள் கழித்தே வந்தது. புனேயில் 2003-ல் ஏற்பட்ட தீ, தேசிய திரைப்பட ஆவணக்காப்பகத்துக்குச் சொந்தமான நைட்ரேட் சுருள்களை ஆயிரக்கணக்கில் அழித்தது. காப்பகத்திலேயே இருந்தாலும், வேறு ஊரில் மறுபிரதி இல்லாத சுருள் எரிந்தால் எரிந்ததுதான்.

1938-ல் மெய்யப்பனின் ‘நந்தகுமார்’ படத்தில் நடிகைக்குப் பதிலாக லலிதா வெங்கட்ராமன் பாடிக் கொடுத்தார். தமிழில் பின்னணிப் பாட்டின் தொடக்கம் அது. பாட்டைத் தனியே பதிந்து, படப்பிடிப்புத் தளத்தில் ஒலிக்கவிட்டு, அதற்கேற்ப நடிக்கும் முறை வேரூன்றியதும் ஒலி என்பது படத்திலிருந்து பிரிந்த தனிப்பொருளாயிற்று. ஆனாலும் பாடகரும் ஐம்பது அறுபது வாத்தியக்காரரும் ஒரே அறையில் ஒரே மூச்சில் வாசித்தது ஒரே தடத்தில் விழுந்தது. குரல் தனி, வயலின் தனி என்று எதுவும் கிடையாது. எம்.எஸ். விஸ்வநாதன், ராமமூர்த்தி காலத்துப் பாட்டின் பகுதிகள் தொலைந்துவிட்டன என்று சொல்ல முடியாது. அவை தனித்தனியாக ஒருபோதும் இருந்ததே இல்லை. 1964-ன் ‘கர்ணன்’ 2012-ல் சீரமைக்கப்பட்டுத் திரைக்கு வந்தபோது தமிழ்நாடே திரண்டு போய்ப் பார்த்தது. அப்படியான பழைய படங்களின் ஒலியைப் புதிய அரங்குகளுக்கு ஏற்ற பல்திசை ஒலியாக விரிப்பது ஏன் இவ்வளவு கடினம் என்பதற்கு விடை அந்த ஒற்றைத் தடத்தில் இருக்கிறது.

காந்த நாடா அழிக்கவும் திரும்பப் பதியவும் கூடிய ஊடகம். அந்த வசதியே அதன் பெரிய ஆபத்தாகவும் ஆயிற்று. அகில இந்திய வானொலி 1954-ல் பதிவுகளைத் தொகுத்து நிலையங்களுக்கிடையே பரிமாறும் பிரிவைத் தொடங்கியது. பல அரிய கச்சேரிகள் அதனால் பிழைத்தன. அதே வானொலியில் அன்றாட நிகழ்ச்சிகளின் நாடாக்கள் ஒலிபரப்பு முடிந்ததும் அழிக்கப்பட்டு அடுத்த நிகழ்ச்சிக்குப் போயின. நாடா வெளிநாட்டுச் சரக்கு, விலை அதிகம். லண்டனில் பிபிசியும் இதையே செய்தது. எதை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது என்று முடிவெடுத்தவர் பெரும்பாலும் அலமாரிக்குப் பொறுப்பான எழுத்தர். அவர் கையில் இருந்த ஒரே சான்று டப்பாவின் முதுகில் எழுதியிருந்த வரி. வரி தெளிவாக இருந்த நாடா தப்பியது. “பாட்டு – 3” என்று மட்டும் எழுதியிருந்த நாடா அழிந்தது.

பல தடப் பதிவு வந்ததும் டப்பாவின் வேலை கூடியது. 1978-ல் இளையராஜா இசையமைத்த ‘ப்ரியா’ தமிழில் ஸ்டீரியோவாகப் பதிவான முதல் படப்பாடல்களைக் கொண்டது. அக்காலத்தில் இரண்டு அங்குல அகலமுள்ள, 24 தடங்கள் கொண்ட நாடா உலகெங்கும் ஸ்டூடியோக்களின் அளவுகோலாயிற்று. 2,500 அடிச் சுருள் நொடிக்கு 15 அங்குல வேகத்தில் 33 நிமிடம் ஓடும். 30 அங்குல வேகத்தில் அதில் பாதி. ஒவ்வொரு டப்பாவுக்குள்ளும் டிராக் ஷீட் என்ற அட்டை ஒன்று இருக்கும்: முதல் தடத்தில் கிக் டிரம், ஏழில் பேஸ், பதினெட்டில் குரல், பத்தொன்பதில் குரலின் இரண்டாம் டேக் என்று. நாடாவின் தலைப்பகுதியில் சோதனை ஒலிகள் பதிவாகும். வேறொரு ஸ்டூடியோவின் இயந்திரத்தில் போட்டாலும் அளவு சரிபார்த்துக்கொள்ள அவை உதவும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே வெள்ளை லீடர் நாடா. அறிமுகமில்லாத பொறியாளர் பத்து ஆண்டு கழித்து டப்பாவைத் திறந்தாலும் வேலையைத் தொடரலாம் என்ற நம்பிக்கையில் அமைந்தது இந்த ஒழுங்கு. அடையாறு திரைப்படக் கல்லூரியில் ஒலிப்பதிவு படித்து வந்தவர்களுக்கு அது பாடமாகவே கற்பிக்கப்பட்டது.

கோடம்பாக்கத்தில் இதற்கு இணையாக இன்னொரு காப்பும் இருந்தது: காகிதம். இளையராஜா மேற்கத்திய சுரக்குறியீட்டில் முழு ஸ்கோரையும் எழுதுவார். உதவியாளர்கள் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரிய பகுதியைப் பெயர்த்தெழுதி இசைக்கலைஞரின் ஸ்டாண்டில் வைப்பார்கள். நாடா அழிந்தாலும் அந்த நோட்ஸ் இருந்தால் பாட்டை மறுபடி வாசித்துவிடலாம். மேடைக் கச்சேரிகளில் பழைய பாடல்களின் இடையிசை பிசகாமல் ஒலிப்பது இதனால்தான். ஸ்கோரே எழுதாமல் வாயால் சொல்லி வாசிக்கவைத்த இசையமைப்பாளர்களின் பாடல்களுக்கு அந்த வாய்ப்பில்லை; தட்டைக் கேட்டுக் காதால் பிடிக்க வேண்டியிருக்கிறது.

நாடாவின் பகை ஈரம். 1970, 80-களில் வந்த சில வகை நாடாக்களில் காந்தத் தூளை ஒட்டவைத்த பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்தது. அப்படியே ஓட்டினால் பதிவு தூளாக உரிந்து இயந்திரத் தலையில் ஒட்டிக்கொள்ளும். ஐம்பது டிகிரி சொச்சம் வெப்பத்தில் மணிக்கணக்காகக் காயவைத்து, உடனே ஒரு முறை ஓட்டி நகலெடுத்துக்கொள்வதே பரிகாரம். கடற்கரை ஊரான சென்னையில் குளிர்சாதனம் இல்லாத அறையில் கிடந்த நாடாக்களில் பூஞ்சையும் சேர்ந்துகொண்டது. நல்ல ஊடகத்தில் பதிந்தால் போதும் என்ற நம்பிக்கை அங்கே முடிந்தது. எந்த ஊடகமும் நிலையானதல்ல; குறித்த காலத்தில் அடுத்த ஊடகத்துக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது உலகெங்கும் காப்பகத்தாரின் பாடமாயிற்று.

மிடி என்ற பொதுமொழி 1983-ல் உருவாகி, கீபோர்டும் கணினியும் பேசிக்கொள்ளத் தொடங்கின. 1986-ல் வந்த ‘புன்னகை மன்னன்’ படத்தில் இளையராஜாவின் இசையில் கணினி வழி வாசிப்பு இடம்பெற்றது. அந்த வேலையில் இளைஞர் திலீப்பின் கை இருந்தது. பிற்காலத்து ஏ.ஆர். ரஹ்மான் அவர். மிடி இணைப்புத் துளைகளோடு 1985-ல் வந்த அடாரி எஸ்டி கணினி, ஸ்டைன்பெர்க், சி-லேப் நிறுவனங்களின் சீக்வென்சர் மென்பொருள்களோடு சேர்ந்து உலகெங்கும் ஸ்டூடியோக்களில் புகுந்தது. சென்னையில் கீபோர்டு புரோகிராமர் என்ற புதுத் தொழில் பிறந்தது. பாட்டின் வாசிப்பு முழுதும் சில பத்து கிலோபைட்டில் அடங்கியது. 720 கிலோபைட் கொள்ளும் ஃப்ளாப்பி ஒன்றில் ஒரு படத்தின் பாடல்கள் அத்தனையும் கிடக்கும்.

இங்கேதான் புதுவகை இழப்பு தொடங்கியது. ஃப்ளாப்பியில் இருந்தது சுரங்களின் கட்டளை மட்டுமே. ஒலி கீபோர்டின் நினைவகத்தில் இருந்தது. எந்த சிந்தசைசர், எந்த எண் ஒலி, அதில் என்ன மாற்றம் செய்யப்பட்டது என்று எழுதிவைக்காதவருக்கு ஓராண்டு கழித்து அதே ஃப்ளாப்பியில் அதே பாட்டு கிடைக்காது. சுரம் சரியாக வரும், நிறம் வேறாக வரும். கவனமுள்ள புரோகிராமர்கள் கீபோர்டின் அமைப்புகளையும் மிடி வழியாகவே இறக்கித் தனி ஃப்ளாப்பியில் வைத்தார்கள். முகவரியை மட்டும் சேமித்துப் பொருளைத் தவறவிடும் இந்தப் பிழை, இன்றைய ப்ராஜெக்ட் கோப்பு வரை உருமாறித் தொடர்கிறது.

ரஹ்மான் 1989-ல் வீட்டை ஒட்டி அமைத்த பஞ்சதன் ரெக்கார்ட் இன், 1992-ல் ‘ரோஜா’ வந்தபோது தொழிலின் அமைப்பையே மாற்றியது. பாடகர் ஒருநாள் வருவார், வயலின் இன்னொரு நாள், கோரஸ் மற்றொரு நாள். தேவையானதைவிட அதிகமாகப் பதிந்து, பிறகு பொறுக்கி அடுக்குவது வேலைமுறையாயிற்று. ஒலிப்பொறியாளர் எச். ஸ்ரீதர் போன்றவர்கள் இந்த அடுக்குதலையே ஒரு கலையாக வளர்த்தார்கள். ‘மகாநதி’க்கு ஸ்ரீதர் தேசிய விருதில் பங்கு பெற்றார். ஒரே மூச்சில் பதிந்த காலத்தில் பாட்டுக்கு ஒரு நாடா. பொறுக்கி அடுக்கும் முறையில் பயன்படாத டேக்குகளின் மலை கூடவே வளர்ந்தது. அவற்றை வைத்துக்கொள்வதா, எறிவதா என்ற கேள்வி ஒவ்வொரு ஸ்டூடியோவிலும் எழுந்தது.

1990-களின் பதில் கேசட் வடிவில் வந்தது. அலெசிஸ் நிறுவனத்தின் அடாட் இயந்திரம் வீடியோ கேசட் ஒன்றில் எட்டு தடங்களை நாற்பது நிமிடம் பதிந்தது. இயந்திரங்களைக் கோத்தால் தடங்கள் பெருகும். முடிந்த மிக்ஸ் டாட் என்ற சிறு கேசட்டுக்குப் போகும். அடாட் கேசட் மலிவு. கைப்பையில் எடுத்துப் போகலாம். ஆனால் மூன்று கேசட்டுகள் சேர்ந்துதான் ஒரு பாட்டு. அவற்றில் இரண்டாவது கேசட் தொலைந்தால் மற்ற இரண்டும் அரைகுறை. ஒரே பாட்டின் கேசட்டுகளை ரப்பர் வளையத்தால் கட்டி வைத்தவரின் பாட்டு தப்பியது. இன்று அந்தக் கேசட்டுகள் கையில் இருந்தாலும் ஓட்ட நல்ல நிலையில் இயந்திரம் கிடைப்பது அரிது.

அமெரிக்காவின் டிஜிடிசைன் 1991-ல் புரோ டூல்ஸை வெளியிட்டபோது அதில் நான்கு தடங்கள்தான். கம்ப்யூட்டரின் வேகமும் ஹார்ட் டிஸ்க்கின் கொள்ளளவும் ஏற ஏறத் தடங்களும் ஏறின. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒற்றைத் தடம் ஒரு நிமிடத்துக்கு எட்டரை மெகாபைட்டுக்குச் சற்று மேல் பிடிக்கும். ஐந்து நிமிடப் பாட்டு, 24 தடம் என்றால் ஒரு ஜிகாபைட்டைத் தாண்டும். பயன்படாத டேக்குகள் தனி. 1990-களின் ஸ்டூடியோ டிஸ்க்கில் இரண்டு படத்துக்கு இடமிருக்காது. வேலை முடிந்த படத்தை சிடியிலோ வேறு டிஸ்க்கிலோ ஏற்றிவிட்டு அழித்தால்தான் அடுத்த படம் தொடங்கும். அவசரத்தில் ஏற்றியதைத் திறந்து சரிபார்க்க யாருக்கும் நேரமில்லை. சரிபார்க்காத நகல் நகலே அல்ல என்பதை பிக்சார் நிறுவனம் 1998-ல் கற்றது: ‘டாய் ஸ்டோரி 2’ படத்தின் கோப்புகள் தவறுதலான ஒரு கட்டளையில் அழிந்தபோது காப்பு நாடாக்கள் வேலை செய்யவில்லை, வீட்டிலிருந்து பணிபுரிந்த ஊழியர் ஒருவரின் கணினியில் இருந்த பிரதிதான் படத்தைக் காப்பாற்றியது.

கணினி திடீரென்று நின்றுபோனால் வேலை போகக்கூடாது என்பதற்காக மென்பொருள்கள் தாமே நகலெடுக்கத் தொடங்கின. ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி. புரோ டூல்ஸ் தன் செஷன் ஃபோல்டருக்குள்ளேயே காப்புகளுக்கென்று தனி ஃபோல்டர் வைத்து, எண்ணிட்டு, கடைசிப் பத்தை மட்டும் வைத்துக்கொள்ளும். க்யூபேஸ் ‘பேக்’ என்ற பின்னொட்டோடு எண்ணிட்ட நகல்களை ப்ராஜெக்ட்டின் பக்கத்திலேயே போடும். ஏபிள்டன் லைவ் பேக்கப் என்ற உள்ஃபோல்டரில் கடைசிப் பத்தை வைக்கும். எஃப்எல் ஸ்டூடியோ எல்லாப் பாட்டுகளின் நகல்களையும் ஒரே பொது இடத்தில் குவிக்கும். 2006 முதல் பரவிய ரீப்பர், ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் முந்தையதைக் காப்பாக மாற்றி அதே இடத்தில் விடும். தேதி, நேரத்தோடு தனி ஃபோல்டரில் போடச் சொல்லி அமைப்பில் மாற்றிக்கொள்ளலாம்.

இந்த வசதி இரண்டு தவறான நம்பிக்கைகளை வளர்த்தது. முதலாவது, நகலில் பாட்டு முழுதும் இருக்கிறது என்பது; மென்பொருள் எடுக்கும் தானியங்கி நகலில் ப்ராஜெக்ட் கோப்பு மட்டுமே இருக்கும். ஒலிக்கோப்புகள் அதில் இல்லை. இரண்டாவது, டிஸ்க் போனாலும் நகல் நிற்கும் என்பது; அது அதே டிஸ்க்கில்தான் இருக்கிறது. டிஸ்க் போனால் மூலமும் நகலும் சேர்ந்தே போகும். அது கைத்தவறுக்குக் காப்பு, விபத்துக்குக் காப்பல்ல. இதோடு கோப்புகளின் நெரிசலும் சேர்ந்தது. “பாட்டு ஃபைனல்”, “ஃபைனல் 2”, “ஃபைனல் புதுசு” என்று மனிதர் வைத்த பெயர்களுக்கு நடுவே மென்பொருள் எழுதிய இருபது நகல்கள் கலந்து கிடக்கும்போது, டைரக்டர் ஒப்புக்கொண்ட வடிவம் எது என்று கண்டுபிடிக்க ஒவ்வொன்றையும் திறந்து கேட்க வேண்டியிருக்கிறது. வானொலி எழுத்தரின் “பாட்டு – 3” இங்கே மறுபிறவி எடுத்திருக்கிறது. அங்கே விவரம் குறைவால் தொலைந்தது, இங்கே மிகுதியால் தொலைகிறது.

இதற்கான ஒழுங்கு தொழிலுக்குள்ளிருந்தே உருவானது. கிராமி விருது வழங்கும் அமெரிக்க ஒலிப்பதிவு அகாடமியின் பொறியாளர் பிரிவு 2000-களில் ஒப்படைப்பு நெறிகளைத் தொகுத்து வெளியிட்டது. அதன் சாரம் எளிது. பாட்டுக்கு ஒரு ஃபோல்டர். அதற்குள்ளேயே எல்லா ஒலியும். ஒவ்வொரு தடமும் பாட்டின் தொடக்கப் புள்ளியிலிருந்து ஒரே நீளக் கோப்பாக எழுதப்படவேண்டும். அப்போது எந்த மென்பொருளில் இழுத்துப் போட்டாலும் அவை தாமாகவே பொருந்தி நிற்கும். கோப்பின் பெயரில் பாட்டும் வாத்தியமும் தெரியவேண்டும். “ஆடியோ 07” என்பது பெயரல்ல. ஐரோப்பிய ஒலிபரப்பாளர் ஒன்றியம் 1997-ல் வகுத்த பிராட்காஸ்ட் வேவ் வடிவம் இதற்கு உதவியது; பதிவான நேரமும் யார் பதிந்தது என்பதும் அந்தக் கோப்புக்குள்ளேயே ஏறிவிடுவதால் ஃபோல்டர் கலைந்தாலும் தடம் தன் இடத்தை மறக்காது. மேட்ரிக்ஸ் எண் தட்டின் மேலேயே பொறிக்கப்பட்டதன் தொடர்ச்சி இது.

தடங்களை இப்படி எழுதிவைப்பதன் அவசியத்தை மென்பொருள்களின் சொந்த வரலாறே காட்டுகிறது. ஆப்பிள் 2002-ல் எமாஜிக் நிறுவனத்தை வாங்கி, லாஜிக் மென்பொருளை விண்டோஸிலிருந்து விலக்கியது. விண்டோஸில் லாஜிக் வைத்திருந்தவர்களின் ப்ராஜெக்ட்டுகள் ஒரே அறிவிப்பில் அநாதையாயின. 2019-ல் வந்த மேக் இயங்குதளம் 32 பிட் நிரல்களை ஏற்க மறுத்தது. அதுவரை வேலை செய்த பிளக்-இன்கள் பல செத்துப்போயின. ஒலிக்காத பிளக்-இன்னின் நினைவு மட்டும் ப்ராஜெக்ட்டில் தங்கும். ஒலியாக எழுதிவைத்த தடமோ எந்த நிறுவனத்தின் தயவையும் நம்பி இருப்பதில்லை. வேலைக்கோப்பைக் காப்பதைவிட ஒலியைக் காப்பது முக்கியம் என்று அனுபவமுள்ள பொறியாளர்கள் சொல்வது சரி. இரண்டையும் வைத்துக்கொள்வது அதைவிடச் சரி.

ஹார்ட் டிஸ்க்கும் நிலையானதல்ல. இசை நிறுவனங்களின் கிடங்குகளைப் பராமரிக்கும் அயர்ன் மவுண்டன், தன்னிடம் வந்த 1990-களின் டிஸ்க்குகளில் ஐந்தில் ஒன்று படிக்க முடியாத நிலையில் இருந்ததாக 2024-ல் தெரிவித்தது. அதற்கு முன்பே, 2008-ல் யுனிவர்சல் நிறுவனத்தின் ஹாலிவுட் வளாகத்தில் மூண்ட தீ ஏராளமான மூல நாடாக்களைக் கொண்டுபோனது. மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்களில், ஒன்று வேறு ஊரில் என்று புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பிய விதி இத்தகைய இழப்புகளுக்கு எதிரான கணக்கு.  

காப்பின் மதிப்பு அண்மையில் எதிர்பாராத பக்கத்திலிருந்து உயர்ந்திருக்கிறது. 2024-ல் ‘லால் சலாம்’ படத்தின் ஒரு பாட்டில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் ரஹ்மான் செயற்கை நுண்ணறிவின் துணையோடு ஒலிக்கவைத்தார். குடும்பத்தாரின் அனுமதி பெறப்பட்டது, ஊதியமும் கொடுக்கப்பட்டது. அதே ஆண்டு யுவன் சங்கர் ராஜா, மறைந்த சகோதரி பவதாரிணியின் குரலை ‘கோட்’ படத்தின் பாட்டில் கொண்டுவந்தார். இசை கலக்காத சுத்தமான குரல்பதிவு இருந்தால் இத்தகைய வேலை எளிது. ஒரு காலத்தில் இடம் அடைக்கிறதென்று அழிக்கப்பட்ட தனிக்குரல் தடம் இன்று குடும்பச் சொத்தாகவும் ஆகியிருக்கிறது. ஒற்றைத் தடத்திலிருந்து குரலைப் பிரிக்கும் நுட்பமும் வளர்ந்திருக்கிறது. 2023-ல் வந்த பீட்டில்ஸின் ‘நௌ அண்ட் தென்’ அப்படி ஒரு பழைய கேசட்டிலிருந்து பிறந்தது. பிரித்தெடுத்த குரல் எவ்வளவு தேறினாலும் தனியே பதிந்து வைத்த குரலுக்கு ஈடாகாது.

கணினி விலை குறைந்ததும் ஒலிப்பதிவு கோடம்பாக்கத்தின் எல்லையைத் தாண்டியது. செங்குன்றம், சோழவரம், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி என்று சென்னைக்கு வடக்கிலுள்ள ஊர்களில் ஓர் அறை, ஒரு மைக், ஒரு மடிக்கணினி கொண்டு வேலை நடக்கிறது. கானா, அம்மன் பாட்டு, ஐயப்பன் பாட்டு, சபைகளின் ஜெபப் பாட்டு, தொழிற்பேட்டை ஊழியர் குழுக்களின் ஆண்டுவிழாப் பாட்டு என்று இங்கே பதிவாவது பெரும்பாலும் எந்த நிறுவனத்தின் கிடங்குக்கும் போகாதது. பதிந்தவரின் டிஸ்க்கே அதன் ஒரே இருப்பிடம். கூத்துக் கலைஞர் ஒருவர் பாடியது, பம்பை உடுக்கைக்காரர் அடித்த அடி, இந்த எல்லைப்புறத்துத் தமிழும் தெலுங்கும் கலந்த பாட்டு ஆகியவற்றுக்கு வேறெங்கும் பிரதி இருக்காது. பெரிய படத்தின் பாட்டு எங்காவது தப்பிவிடும். இவை தப்புவதற்கு ஒழுங்கான ஃபோல்டர் தவிர வேறு வழியில்லை.

இந்தப் பகுதியின் பெரிய இடர்கள் இரண்டு. முதலாவது மின்சாரம்: நடுவில் போய் வரும்போது எழுதிக்கொண்டிருந்த கோப்பு கெடும், டிஸ்க்கும் கெடும், யுபிஎஸ் ஒன்று எந்த மென்பொருளின் தானியங்கி நகலையும்விடப் பயனுள்ளது. இரண்டாவது வெள்ளம்: 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் திருவள்ளூர் மாவட்டத்தின் தாழ்வான பகுதிகளில் நீர் வீடுகளுக்குள் புகுந்தது. தரையில் வைத்த கேபினெட்டும் அதன் பக்கத்தில் வைத்த காப்பு டிஸ்க்கும் ஒரே நீரில் நனையும். மேல்மாடியில் உள்ள டிஸ்க் ஒரு பிரதி, உறவினர் வீட்டில் உள்ளது இன்னொன்று, இணையக் கிடங்கில் உள்ளது மூன்றாவது என்று பிரித்தால் விதி நிறைவேறும். 24 தடப் பாட்டின் ஒரு ஜிகாபைட்டை இணையத்தில் ஏற்ற இன்று சில நிமிடங்களே பிடிக்கும்.

வேலை முடியும்போது செய்யவேண்டியதும் இப்போது ஓரளவு நிலைபெற்றுவிட்டது. முதலில் வெளியிடங்களில் கிடக்கும் ஒலிகளையெல்லாம் ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் திரட்டும் கட்டளை. எல்லா முக்கிய மென்பொருளிலும் அது வெவ்வேறு பெயரில் உண்டு. பயன்படாத கோப்பைக் களையும் கட்டளை அதன் பிறகுதான். பல மென்பொருள்களில் அது திறந்திருக்கும் வடிவத்தை மட்டுமே பார்க்கும். அதே ஃபோல்டரைப் பகிரும் வேறொரு வடிவத்துக்குத் தேவையான குரலையும் அது குப்பை என்று கருதிவிடும். ஆகவே களைவதற்கு முன் முழுப் பிரதி ஒன்று வேறு டிஸ்க்குக்குப் போகவேண்டும். பின் தடங்களை ஒரே தொடக்கத்தில் எழுதுதல், ஒப்புக்கொண்ட மிக்ஸ், குரலில்லா மைனஸ் ஒன். தானியங்கி நகல்களில் ஒப்புதல் பெற்ற நாளுக்குரிய ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை அழிக்கலாம். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் பெயரின் முன்னால் எழுதினால் கணினி தானாகவே கால வரிசையில் அடுக்கிவிடும். கடைசியாக ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு: பாட்டின் பெயர், தாளம், வேகம், சுருதி, பாடியவர், வாசித்தவர்கள், எழுதியவர், பதிந்த இடம், எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பு. 2012-ன் பதிப்புரிமைத் திருத்தத்துக்குப் பிறகு பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் உரிய பங்கைக் கோரும் உரிமை உறுதியாகியிருக்கிறது. அதைக் கோரும்போது கேட்கப்படும் விவரங்களில் பெரும்பகுதி இந்த எழுத்துக் கோப்பில் கிடைக்கும்.